காஸ் விளக்கும் கடற்கரை மணலும்



திருமண ஊர்வலத்திலும் கோயில் திருவிழாவிலும் தலைமேல் சுமந்து வரப்பட்ட ஒரு விளக்கை உங்களிற் சிலரேனும் பார்த்திருக்கக்கூடும். பாராதவர்கள் பெயரையாவது கேட்டிருப்பீர்கள். பெட்ரோமாக்ஸ் என்பது அது பிறந்த ஜெர்மனியில் அதற்கு இட்ட பெயர். நம் ஊர்ப்புறங்களில் அதனைக் காஸ் விளக்கு என்றே வழங்கினர். அதில் ஊற்றுவதோ மண்ணெண்ணெய். அப்படியிருக்கக் காஸ் எங்கிருந்து வந்தது என்று சிறு வயதில் ஒரு வாடகைக் கடைக்காரரைக் கேட்டேன். "உஸ்ஸென்று இரைகிறதே தம்பி, அதுதான் காஸ்" என்றார் அவர். அந்த விடை மிகவும் சரியானது என்பது பின்னாளில் பௌதிகம் பயின்றபோது எனக்கு விளங்கிற்று.

1984-ஆம் ஆண்டில் வெளிவந்த 'வைதேகி காத்திருந்தாள்' என்னும் திரைப்படத்தில் இந்த விளக்கைப் பற்றிய நகைச்சுவைக் காட்சி ஒன்று உண்டு. விளக்குக் கடைக்காரராக வரும் கவுண்டமணியிடம், இது எப்படி வெளிச்சம் தருகிறது என்று செந்தில் வினவுகிறார். கடைக்காரர் உள்ளே தொங்கும் வெள்ளை வலையைச் சுட்டிக் காட்டுகிறார். கேட்டவர் அதைப் பிடித்துப் பார்க்க, வலை பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுகிறது. தமிழ்நாடே சிரித்தது. ஆனால் செந்தில் கேட்ட கேள்வி சிரித்துவிட்டுப் போகத்தக்க கேள்வியன்று. விரல் பட்டாலே உதிரும் ஒரு பொருள், எஃகையே உருக்கவல்ல வெப்பத்தில் மணிக்கணக்காக நிற்பது எவ்வாறு? எரியாமல் நிற்கும் அதிலிருந்து ஒளி பிறப்பது எவ்வாறு?

விடை காண்பதற்கு முன் ஓர் எளிய சோதனை. வீட்டுச் சமையலறையில் எரியும் காஸ் அடுப்பின் சுடரை நோக்குங்கள். நீல நிறம், கடும் வெப்பம், ஆயினும் அந்த வெளிச்சத்தில் ஒரு வரியும் படிக்க இயலாது. அடுத்து ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். வெப்பம் குறைவு, ஒளியோ பொன்னிறமாக, படிக்கப் போதுமானதாக இருக்கிறது. அந்தப் பொன்னிறச் சுடரின் நடுவே ஒரு கரண்டியின் அடிப்புறத்தைக் காட்டினால் கரி படிகிறது. நீலச் சுடரில் காட்டினால் படிவதில்லை. வேற்றுமை முழுவதும் இந்தக் கரியில் அடங்கியுள்ளது. மெழுகுவர்த்தியின் சுடரில் எரிபொருள் முழுமையாக எரிவதில்லை. நுண்ணிய கரித் துகள்கள் அதனுள் மிதக்கின்றன. அத்துகள்கள் காய்ந்து தணலாகி ஒளிர்கின்றன. ஆகவே, நாம் விளக்கொளி என்று போற்றுவது சுடரின் ஒளியன்று. சுடருக்குள் காய்ந்த திடப்பொருளின் ஒளியே ஆகும்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து மாணவர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எளிதாக இருந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி, உருட்டிக் கம்பியாக்கும் ஆலைகள் பல உள்ளன. அங்கு வேலை செய்வோரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தனர். உலையிலிருந்து வரும் இரும்பின் நிறம் என்ன என்று கேட்டால் போதும். பாடப் புத்தகம் சொல்லாததையும் சொல்வார்கள். ஏறத்தாழ 700 பாகை செல்சியசில் மங்கிய சிவப்பு. 1,000 பாகையில் செம்மஞ்சள். அதற்கும் மேலே போகப் போக மஞ்சளும் வெண்மையும். எரிவதனால் அன்று, காய்ந்ததனாலேயே இரும்பு ஒளிர்கிறது. வெப்பம் ஏற ஏற ஒளி வெளுக்கிறது. பிரகாசமோ பன்மடங்காகப் பெருகுகிறது. காஸ் விளக்கின் வலையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ராபர்ட் புன்சன் என்ற பேராசிரியர் இருந்தார். 1855-ஐ ஒட்டி அவர் உருவாக்கிய பர்னரை இன்றும் பள்ளிச் சோதனைச்சாலைகளில் காண்கிறோம். காஸுடன் காற்றை முன்னதாகவே கலந்து எரித்தால் கரியின்றி, புகையின்றி, மிகுந்த வெப்பத்துடன் நீலச் சுடர் கிடைக்கும் என்பதே அதன் தத்துவம். வெப்பம் உண்டு, ஒளி இல்லை. ஒளி வேண்டுமானால் அச்சுடருக்குள் ஒரு திடப்பொருளை நாமே வைக்க வேண்டும். அதற்கும் முன்பே, 1820-களில், பிராணவாயுவும் ஹைட்ரஜனும் கலந்த சுடரில் சுண்ணாம்புக் கட்டியைக் காய்ச்சிக் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தை உண்டாக்கியிருந்தனர். மேல்நாட்டு நாடக மேடைகளில் அது பயன்பட்டது. ஆனால் கனத்த கட்டியைக் காய்ச்ச அத்தகைய கொடுஞ்சுடர் வேண்டும். வீட்டுக்கு அது உதவாது.

புன்சனிடம் பயின்ற கார்ல் அவர் ஃபொன் வெல்ஸ்பாஹ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி இதற்கு வழி கண்டார். 1858-இல் பிறந்த அவர், அரிய மண் உலோகங்கள் எனப்படும் தனிமங்களைப் பிரித்தறியும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அவற்றின் உப்புக் கரைசலில் பருத்தி இழையைத் தோய்த்துச் சுடரில் காட்டினார். இழை எரிந்து போயிற்று. அதன் வடிவம் போகவில்லை! நூலின் ஒவ்வோர் இழையும் இருந்த இடத்தில் உலோக ஆக்சைடின் மெல்லிய எலும்புக்கூடு நின்று ஒளிர்ந்தது. கட்டியாகவன்றி வலையாக அமைந்ததால் அதன் எடை மிகக் குறைவு. சுடரைத் தொடும் பரப்போ அதிகம். எளிய சுடரே அதை வெண்மையாகக் காய்ச்சப் போதுமானதாயிற்று.

1885-இல் அவர் காப்புரிமை பெற்ற வலை மக்னீசியம், லாந்தனம், இட்ரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளால் ஆனது. அதன் ஒளி பச்சை படர்ந்து கண்ணுக்கு உவப்பற்றதாக இருந்தது. வலையும் விரைவில் நொறுங்கிற்று. மக்கள் அதை விரும்பவில்லை. பின்னர் அவர் தோரியத்தை நாடினார். இங்கே நிகழ்ந்ததை நான் வகுப்பில் எப்போதும் சற்று விரிவாகவே சொல்வது வழக்கம். தோரியத்தை எவ்வளவு தூய்மையாக்கினாரோ அவ்வளவுக்கு அதன் ஒளி மங்கியது! தூய்மைப்படுத்தும்போது நீங்கிய ஏதோ ஒரு பொருள்தான் ஒளிக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. அப்பொருள் சீரியம். தனித் தோரியம் ஆக்சைடு மங்கலாகவே ஒளிரும். தனிச் சீரியம் ஆக்சைடும் அவ்வாறே. 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம் என்று கலந்தால் பளிச்சென்ற வெள்ளொளி. 1891-இல் அவர் நிலைநிறுத்திய இந்த விகிதம் அதன்பின் நூறாண்டுக் காலம் ஏறக்குறைய மாறவேயில்லை.

ஒரு விழுக்காட்டுச் சீரியம் செய்யும் வேலை என்ன? காய்ந்த பொருள் எதுவும் கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்களையே பெரிதும் வெளியிட்டுத் தன் வெப்பத்தை இழந்துவிடும். தோரியம் ஆக்சைடு அத்தகைய கதிர்களைக் குறைவாகவே வெளியிடுகிறது. ஆகவே சுடரின் வெப்பத்தை வீணாக்காமல் தானும் அதனளவு காய்கிறது. அது உருகவேண்டுமானால் 3,300 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். சுடரால் அதற்கு ஒரு தீங்கும் இல்லை. அவ்வாறு காய்ந்த உடலில் சிறிதளவு சீரியம், கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மட்டும் தாராளமாக வெளியிடுகிறது. சீரியம் மிகுந்தாலோ அது வெப்பக் கதிர்களையும் வெளியிட்டு வலையைக் குளிர்வித்துவிடும். சமையலில் உப்பைப் போன்றது அது.

மேண்டில் என்று கடையில் வாங்குவது மென்மையான துணிப்பை, கசக்கலாம், மடிக்கலாம். அதன் நூலில் தோரியம், சீரியம் ஆகியவற்றின் நைட்ரேட் உப்புகள் ஊறியிருக்கும். விளக்கில் கட்டி முதல் முறை எரிக்கும்போது நூல் கருகி மறைகிறது, நைட்ரேட்டு ஆக்சைடாகிறது, பை சுருங்கி விறைத்து நிற்கிறது. திரைப்படத்தில் உதிர்ந்தது இந்தச் சாம்பல் கூடுதான். முன்பே எரிந்து முடிந்துவிட்டதனால் இனி எரிய அதில் ஒன்றுமில்லை; அதனால்தான் சுடரில் அழியாமல் நிற்கிறது. சாம்பல் ஆகையால் விரலுக்குத் தாங்குவதில்லை.

வெல்ஸ்பாஹின் வலை முதலில் குழாய் வழியே நிலக்கரிக் காஸ் வந்த நகரங்களுக்குத்தான் பயன்பட்டது. குழாயில்லாத ஊருக்கு என்ன வழி? மண்ணெண்ணெய் எங்கும் கிடைக்கிறது. ஆனால் அது திரவம். திரியில் எரித்தால் கரி வரும். கரி வலையில் படிந்து அதைக் கறுக்கச் செய்யும். ஆகவே மண்ணெண்ணெயை ஆவியாக்கி, அந்த ஆவியுடன் காற்றைக் கலந்து, புன்சனின் நீலச் சுடராக எரிக்க வேண்டும். ஆவியெரி விளக்கை அமைத்தவர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் இதுதான்.

மண்ணெண்ணெய் ஒரே பொருளன்று. பல எண்ணெய்களின் கலவை. ஏறத்தாழ 150 முதல் 300 பாகை வரையில் சிறிது சிறிதாக அது ஆவியாகும். அந்த வெப்பத்தைத் தரத் தனி அடுப்பு வைக்க முடியுமா? விளக்கின் சுடரையே அதற்கும் பயன்படுத்துவதுதான் அமைப்பின் நுட்பம். எண்ணெய் வரும் குழாய், ஒளிரும் வலைக்கு அருகாகவே மேலேறிச் செல்கிறது. வலையின் வெப்பம் குழாயைக் காய்ச்ச, உள்ளே எண்ணெய் ஆவியாகிறது. அந்த ஆவியே வந்து வலையைக் காய்ச்சுகிறது. ஒன்றை ஒன்று பேணும் ஏற்பாடு. ஆனால் தொடக்கத்தில் வலையும் குளிர்ந்திருக்கிறது, குழாயும் குளிர்ந்திருக்கிறது. முதல் ஆவிக்கு வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டும். அந்தக் கடன்தான் குழாயின் அடியில் உள்ள சிறு கிண்ணத்தில் ஊற்றும் ஸ்பிரிட்.

விளக்கு ஏற்றுபவர் செய்வதை வரிசையாகக் கவனியுங்கள். பித்தளைத் தொட்டியில் எண்ணெயை முழுவதும் நிரப்பமாட்டார்; காற்றுக்கு இடம் விடுவார். ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்து, அது எரிந்து முடியும் தறுவாய்வரை பொறுத்திருப்பார். பிறகு திருகை இறுக்கிப் பம்பை அடிப்பார். தொட்டியிலுள்ள காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 2 மடங்கு கூடுதலாகும்வரை அடிக்க வேண்டும். அளவைக் காட்ட ஒரு சிறு மானி உண்டு. அழுத்தம் எண்ணெயைக் குழாயில் ஏற்ற, காய்ந்த குழாயில் அது ஆவியாகி ஏறத்தாழ 200 மடங்கு விரிகிறது. உச்சியிலுள்ள நிப்பிளின் ஊசித்துளை வழியே அந்த ஆவி பீறிட்டு எழுகிறது. 'உஸ்' என்ற இரைச்சல் அதுவே. கடைக்காரர் எனக்குச் சொன்ன காஸ் இதுதான்.

பீறிடும் ஆவி சுற்றியுள்ள காற்றைத் தன்னுடன் இழுத்துக்கொண்டு ஒரு வளைந்த குழாயில் புகுகிறது. ஒரு பங்கு எண்ணெய் கரியின்றி எரிய, எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். அவ்வளவு காற்றையும் விசிறியோ எந்திரமோ இன்றி, வேகம் ஒன்றாலேயே அந்த மெல்லிய தாரை இழுத்துவிடுகிறது. கலவை வளைந்து கீழிறங்கிப் பீங்கான் மூக்கின் வழியே மேண்டிலுக்குள் வந்து எரிகிறது. பழைய காஸ் விளக்குகளில் வலை நிமிர்ந்து நின்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கம் பரவியது. இதனால் ஒளி தடையின்றிக் கீழே விழுகிறது. மேலெழும் வெப்பம் ஆவிக்குழாய்க்கும் கலவைக்குழாய்க்கும் பயன்படுகிறது.

அவசரக்காரர் ஸ்பிரிட் எரிந்து முடியுமுன் பம்பு அடித்தால் என்ன ஆகும்? குழாய் காயாததால் திரவ எண்ணெயே வெளிவரும், மஞ்சட் சுடர் தலைக்குமேல் எழும், வலை கரியாகும். மாறாகக் குழாய் அளவு மீறிக் காய்ந்தாலோ எண்ணெய் உள்ளேயே சிதைந்து கரியாகி நிப்பிளை அடைத்துவிடும். அடைப்பை நீக்கவே வெளியில் ஒரு கைப்பிடியும் உள்ளே ஒரு மெல்லிய ஊசியும் வைத்திருக்கிறார்கள். பம்பு ஸ்டவ்வில் பின் குத்திய தாய்மாருக்கு இது புதிதன்று. ஸ்டவ்வும் இந்த விளக்கும் உடன்பிறப்புகளே. ஸ்வீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1892-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரைமஸ் அடுப்பு இதே ஆவித் தத்துவத்தால் அமைந்தது.

கலங்கரை விளக்கங்களே இம்முறையை முதலில் விரும்பி ஏற்றன. திரி விளக்கைவிடக் குறைந்த எண்ணெயில் பன்மடங்கு ஒளி கிடைத்தது அதற்குக் காரணம். 1898-இல் பிரான்சு நாடு அதைக் கையாண்டது. இங்கிலாந்தில் ஆர்தர் கிட்ஸன் 1901-இல் அமைத்த பர்னர், பின்னர் 1921-இல் டேவிட் ஹூட் என்பவரால் திருத்தப்பட்டுப் பல கடற்கரைகளுக்குப் பரவிற்று. நம் நாட்டுப் பழைய நாடகக்காரர்களின் நினைவுகளில் 'கிட்ஸன் லைட்' என்று வருவது இவர் பெயரைத் தாங்கிய விளக்கே. இவற்றையெல்லாம் ஒரு கையால் தூக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கியவர் பெர்லினைச் சேர்ந்த மாக்ஸ் கிரெட்ஸ். 1910-ஐ ஒட்டி வெளிவந்த அவருடைய விளக்கில் பெட்ரோலியமும் மாக்ஸும் சேர்ந்து பெட்ரோமாக்ஸ் ஆயின. எங்கள் பக்கத்துப் பழவேற்காட்டில், 1859 முதல் கலங்கரை விளக்கம் நின்ற கரையில், இரவில் மீன்பிடிக்கப் போவோர் இவ்விளக்கைத் தோணியில் வைத்திருந்ததை நான் இளமையில் கண்டதுண்டு. ஏரி முழுவதும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

அந்தப் புள்ளிகளை ஒளிரச் செய்த தோரியம் எங்கிருந்து வந்தது? இது நம்மைத் தமிழகத்தின் மறுகோடிக்கு அழைத்துச் செல்கிறது. தோரியம் மோனசைட் என்ற கனிமத்தில் உள்ளது. மேண்டில் தொழில் வளர்ந்த தொடக்கத்தில் பிரேசில் நாட்டுக் கடற்கரை மணலிலிருந்தே மோனசைட்டைப் பெரிதும் எடுத்தனர். அவ்வணிகம் ஜெர்மானியர் கையில் இருந்தது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மஞ்சள் நிறத் துகள்கள் மின்னுவதைக் கண்டார். சோதித்துப் பார்த்தார், மோனசைட்! கயிறு வந்த வழியைத் தேடி அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அன்று திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் இருந்த அவ்வூர், 1956 நவம்பர் 1 முதல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

மலைப் பாறைகள் சிதைந்து ஆறுகளின் வழியே கடலுக்கு வருகின்றன. சாதாரண வெண்மணலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.65, மோனசைட்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 5. அலைகள் இலேசான மணலை இழுத்துப் போக, கனமான இல்மனைட், சிர்கான், மோனசைட் முதலியவை கரையில் தங்குகின்றன. அரிசியை நீரில் அரித்துக் கல் நீக்குவதைப் போன்ற வேலையைக் கடல் ஓயாமல் செய்துவந்திருக்கிறது. பிரேசில் மணலைவிட இந்த மோனசைட்டில் தோரியம் அதிகம். நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு ஆக்சைடு வரை உண்டு.

ஷோம்பர்க் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை அமைத்தார். 1914-இல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியர் என்ற காரணத்தால் அவர் கைதானார். தொழில் ஆங்கிலக் கம்பெனிகள் வசமாயிற்று. ஆள் மாறினாலும் முறை மாறவில்லை. மணலாகக் கப்பலேறியது, வண்ணப் பெட்டியில் மேண்டிலாகத் திரும்பி வந்தது. மணலை வாரிச் சுமந்த கூலிக்காரரின் ஊரில் அந்த மேண்டிலைக் கட்டிய விளக்கைத் திருமணத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். இதை நினைக்கும்தோறும் எனக்கு மனம் கசக்கும். விடுதலைக்குப்பின் நிலை மாறியது. 1950-இல் இந்திய அரிய மணல் நிறுவனம் தோன்றிற்று. 1952-இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1955-இல் டிராம்பேயில் தோரியம் நைட்ரேட்டு ஆலை வந்தது. அணுசக்திக்கென்று நாம் பேசும் அந்த டிராம்பே, தொடக்க ஆண்டுகளில் மேண்டில் செய்வோருக்கு உப்பு வழங்கிய இடமும் ஆகும். மணவாளக்குறிச்சி ஆலை 1965-இல் அந்நிறுவனத்தின் கைக்கு வந்தது.

தோரியம் கதிரியக்கமுள்ள தனிமம் என்பதை 1898-இல் மேரி கியூரியும், ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்மிட்டும் தனித்தனியே கண்டறிந்தனர். வெல்ஸ்பாஹ் வலை அதற்குள் கோடிக்கணக்கில் விற்றாகிவிட்டது. எரியும் விளக்கின் அருகே அமர்ந்திருந்தவருக்குப் பெருந்தீங்கில்லை. அதன் கதிர்கள் தோலைக் கடப்பதே அரிது. உதிர்ந்த சாம்பலை மூச்சில் இழுப்பதும் உணவோடு விழுங்குவதும்தான் ஆகாது. உப்புக் கரைசலில் நாள்தோறும் துணியைத் தோய்த்து உலர்த்திய தொழிலாளர்களுக்கே அபாயம் மிகுதி. அவர்களைப் பற்றி விளக்கின் பெட்டியில் ஒரு சொல்லும் அச்சிடப்பட்டதில்லை. பழைய மேண்டில் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தால், ஊதிப் பார்க்காதீர்கள். தொட்ட கையைக் கழுவிவிடுங்கள். 1990-களில் மேல்நாட்டுக் கம்பெனிகள் பல தோரியத்தை விட்டு, வெல்ஸ்பாஹ் முதன்முதலில் கையாண்ட இட்ரியத்துக்கே திரும்பின.

வெல்ஸ்பாஹ் தோரியம் எடுத்தபின் எஞ்சிய கழிவையும் விடவில்லை. அதிலிருந்த சீரியத்தை இரும்புடன் கலந்து, உரசினால் பொறி பறக்கும் கல்லை 1903-இல் செய்தார். சிகரெட் லைட்டரில் இருப்பது அது. 1929-இல் அவர் மறைந்தார். இன்று ஊர்வலத்தில் வரும் விளக்குகள் எல்.இ.டி. வகையின. வெள்ளொளி தரும் எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் நிறப் பூச்சு ஒன்றைக் காணலாம். அது பெரும்பாலும் இட்ரியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். அதனுள் சிறிதளவு சீரியம் கலந்திருக்கும். இங்கே அது வெப்பத்தால் ஒளிர்வதில்லை. உள்ளிருந்து வரும் நீல ஒளியை உறிஞ்சி மஞ்சள் ஒளியாக வெளியிடுகிறது, இரண்டும் கலந்து வெண்மையாகத் தெரிகிறது.